கியர் அருமை, ரேஷியோதான் நீளம்: கேமன் ஜிடிஎஸ் 4.0 மேனுவல்

போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0 வண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்ஜினில் ஆரம்பித்து இன்ஜினிலேயே முடிக்கிறார்கள். அதில் தப்பில்லை. 4 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ கிடையாது, 400 குதிரைத்திறன், 7,800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7,800 சுற்று) வரை ஏறும். 2020 இல் வந்த ஒரு வண்டிக்கு இப்படி ஒரு இன்ஜின் கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் கியர்பாக்ஸ் என்று வரும்போது மட்டும் “மேனுவல்தான், வேறு பேச்சே இல்லை” என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை. சில வருடங்களாக இந்த மேனுவலை ஓட்டி வருகிறேன். தினமும் வேலைக்குப் போவதும் இதில்தான். அதனால் இங்கே எழுதப்போவது கியர் லீவர், மூன்று பெடல், ஆறு ரேஷியோ பற்றி மட்டும். ரேஷியோ என்பது ஒவ்வொரு கியரும் எந்த வேகம் வரை இழுக்கும் என்பதை முடிவு செய்யும் பல்சக்கர விகிதம்; நீளமான ரேஷியோ என்றால் ஒரே கியர் அதிக வேகம் வரை போகும். சீட், திரை, டிக்கி எல்லாம் வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஒரு வசதி இருக்கிறது. தம்பியிடம் இதே ஜிடிஎஸ், ஏழு கியர் பிடிகேயோடு நிற்கிறது. பிடிகே என்பது போர்ஷேயின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொரு கிளட்ச். நாம் மூன்றாவதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காவது பூட்டித் தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்க, வேலை முடிந்தது. சாவியை மாற்றிக்கொண்டு இரண்டையும் ஓட்டியிருக்கிறோம். இறங்கும்போதெல்லாம் சண்டைதான்.

தம்பியின் கட்சி எண்களில் நிற்கிறது. நின்ற இடத்திலிருந்து 100 கிமீ வேகம் தொட மேனுவலுக்கு 4.5 விநாடி, ஸ்போர்ட் குரோனோ (வேகமாகக் கிளம்ப உதவும் பேக்கேஜ்) உள்ள பிடிகேக்கு 4 விநாடி. “அக்கா, அரை விநாடி. நீ இடது காலைத் தூக்கி வைப்பதற்குள் நான் போய்விடுவேன்” என்பான். போகட்டும். என் பக்கமும் எண் இருக்கிறது: மேனுவல் 1,405 கிலோ, அவனுடையது 1,435 கிலோ. உச்ச வேகம் என்னுடையது 293, அவனுடையது 288. உண்மையைச் சொன்னால் இந்த எண்கள் எதுவும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாளும் பயன்பட்டதில்லை. சாதாரணச் சாலையில் அந்த அரை விநாடியை யாரும் கண்டுபிடிக்க முடியாது. 293க்கும் 288க்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடிப் போனால் லைசென்ஸ்தான் போகும்.

வேகத்தில் மேனுவல் தோற்று ரொம்ப நாளாகிவிட்டது. 1989 இல் பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மான்செல் ஓட்டிய ஃபெராரி 640, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த துடுப்புகளால் கியர் மாற்றி, முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது. 1997 இல் அந்தத் துடுப்பு ஃபெராரி 355 வழியாகச் சாலை வண்டிக்கு வந்தது. 2009 இல் ஃபெராரி 458 வந்தபோது மேனுவல் என்ற பேச்சே இல்லை. லம்போர்கினி ஹுராகானிலும் இல்லை, மெக்லாரன் 12சி வண்டியிலும் இல்லை. போர்ஷேயே 2013 இல் 911 ஜிடி3 வண்டியைப் பிடிகேயில் மட்டும்தான் விற்றது. டிராக்கில் வேகம் வேண்டும் என்பவர்கள் வாங்கும் வண்டி, ஆகவே வேகமான கியர்பெட்டி. நியாயமான கணக்கு.

அந்தக் கணக்கு உடைந்த விதம்தான் சுவாரசியம். 2015 இல் கேமன் ஜிடி4 மேனுவலில் மட்டும் வந்தது. 2016 இல் 911 ஆர் வந்தது, மொத்தம் 991 வண்டிகள், எல்லாமே ஆறு கியர் மேனுவல். 2017 இல் ஜிடி3க்கே மேனுவல் திரும்பி வந்துவிட்டது. அடுத்த தலைமுறை ஜிடி3யிலும் தொடர்ந்தது. அங்கேயும் இதே அரை விநாடி வித்தியாசம்தான்: மேனுவலுக்கு 3.9, பிடிகேக்கு 3.4. மெதுவானது என்று தெரிந்தே கேட்டு வாங்கினார்கள். வேகத்துக்காக வாங்காத ஒரு பொருளை வேகத்தை வைத்து எடை போடுவதில் அர்த்தமில்லை. சரி, அப்படியானால் எதை வைத்து எடை போடுவது? கைக்கு என்ன கிடைக்கிறது, எத்தனை தடவை கிடைக்கிறது. இந்த இரண்டு கேள்விதான் எனக்கு. முதல் கேள்விக்குக் கேமன் கிட்டத்தட்ட முழு மார்க் வாங்குகிறது. இரண்டாவதில்தான் வழுக்குகிறது.

முதலில் லீவர். குட்டையாக, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. வலமோ இடமோ, எந்தப் பக்கம் ஸ்டியரிங் இருந்தாலும் கையை இறக்கினால் தேடாமல் உள்ளங்கைக்குள் வந்துவிடும். இது நடு இன்ஜின் வண்டி. இன்ஜின் நம் முதுகுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் அதற்கும் பின்னால். லீவரும் பெட்டியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் இரண்டு கேபிள் ஓடுகின்றன, முன்னும் பின்னும் தள்ளுவதற்கு ஒன்று, இடமும் வலமும் நகர்த்த இன்னொன்று. கேபிள் என்றாலே ரப்பர் மாதிரி இழுக்கும் என்று ஒரு பயம் உண்டு. பல முன்சக்கர வண்டிகளில் அது உண்மையும்தான். இதில் அந்தத் தொளதொளப்பே கிடையாது. நன்றாக எண்ணெய் போட்ட பழைய தேக்குக் கதவின் தாழ்ப்பாள் மாதிரி, கொஞ்சம் கனமாக நகர்ந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் ஆடாமல் நிற்கிறது.

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தப் பெட்டியின் நல்ல குணம் எல்லாம் அந்த ஒரு அசைவில் இருக்கிறது. கிளட்ச் மிதித்ததும் இரண்டாவதிலிருந்து லீவரை முன்னால் தள்ளுகிறேன். நியூட்ரலுக்கு வந்த உடனே பிடியைத் தளர்த்திவிட வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் லீவரைத் தானாகவே மூன்று–நான்கு வரிசைக்கு இழுத்துப்போகும். நாம் வலப்பக்கம் தள்ளத் தேவையே இல்லை. அப்புறம் நேராக முன்னால். அங்கே ஒரு சின்னத் தடை. கூம்பு வடிவச் சின்க்ரோ வளையம் மூன்றாவது கியரோடு உரசி, இரண்டின் வேகமும் ஒன்றாகும் வரை “இரு, இரு” என்று லீவரைப் பிடித்து வைத்திருக்கிறது. வேகம் ஒன்றானதும் விட்டுவிடும். லீவர் சரக்கென்று உள்ளே போகும். இவ்வளவும் நடப்பதற்குள் இன்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் 7,800 இலிருந்து 5,600 பக்கம் இறங்கியிருக்கும். அந்தத் தடையும் அதற்குப் பின்னால் வரும் விடுதலையும் ஒரே அளவில், ஒவ்வொரு தடவையும் மாறாமல் வருவதுதான் நல்ல கியர்பாக்ஸுக்கு அடையாளம். அவசரப்பட்டுக் குத்தினால் கனக்கும், அதன் போக்கில் விட்டால் இரண்டு விரல் போதும்.

குளிரில் கிளப்பிய முதல் சில நிமிடம் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது எந்த மேனுவலும் செய்வதுதான். சூடாகும் வரை 3,000 தாண்டாமல், அதைக் கொஞ்சிக் கெஞ்சி ஓட்டுவேன். அதற்கே பொறுமை இல்லாதவர்களுக்கு மேனுவல் வேண்டாம்.

பெடல்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கிளட்ச் கனம் நடுத்தரம். பிடிக்கும் இடம் தெளிவாகத் தெரிகிறது. ஆக்சிலரேட்டர் தரையில் கீல் வைத்த மாதிரி, மேலேயிருந்து தொங்குவதில்லை. பிரேக் பெடல் சும்மா இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட மேலே நிற்கும். இதைப் பார்த்துத்தான் “ஹீல் அண்ட் டோ (ஒரே காலால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மிதிப்பது) வராது போலிருக்கே” என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாக அழுத்திப் பிரேக் போட்டால் பெடல் இறங்கி ஆக்சிலரேட்டரின் மட்டத்துக்கு வந்துவிடும். அந்த நிலைக்குத்தான் அளவெடுத்து வைத்திருக்கிறார்கள். மெதுவாகப் போகும்போது பழகிப் பார்த்தால் வராது, கணுக்கால்தான் சுளுக்கும். வேகமாகப் போய் அழுத்தமாகப் பிரேக் போடும்போது, பாதத்தின் உள் விளிம்பு பிரேக்கிலும் வெளி விளிம்பு ஆக்சிலரேட்டரிலும் தானாக உட்காரும்.

வளைவு ஒன்று வருகிறது என்று வையுங்கள். மூன்றாவதில் 80 கிமீ, இன்ஜின் சுமார் 3,400இல் சுற்றுகிறது. அதே வேகத்துக்கு இரண்டாவதில் 4,700க்கு மேல் சுற்ற வேண்டும். இந்த 1,300 சுற்று இடைவெளியை யார் நிரப்புவது என்பதுதான் கேள்வி. யாரும் நிரப்பாமல் கிளட்சை விட்டால் பின்சக்கரங்கள் நிரப்பும். வண்டி முன்னால் குனிந்து ஒரு உதறு உதறும், ஈரச் சாலையாக இருந்தால் பின்பக்கம் அசைந்தும் விடும். ஆகவே பிரேக் போட்டபடியே பாதத்தைச் சாய்த்து ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு. முள் எகிறும் அந்தக் கணத்தில் லீவர் இரண்டுக்குள் போக வேண்டும், கிளட்ச் மேலே வர வேண்டும். சரியாக விழுந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கியர் மாறியதே தெரியாது, சத்தம் மட்டும்தான் மாறியிருக்கும். அம்மாதான் எங்கள் வீட்டு நடுவர். தலை முன்னால் ஆடினால் ஒரு “ம்” வரும். ஆடாவிட்டால் பேச்சைத் தொடர்ந்துகொண்டிருப்பார்.

இந்தத் தட்டலை வண்டியே செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. ஸ்போர்ட் பிளஸ் மோடில் போட்டால் கீழே இறங்கும்போது கம்ப்யூட்டரே ஆர்பிஎம்மை ஏற்றி வைத்துவிடும். தப்பே செய்யாது. மனிதக் காலை விட நன்றாகச் செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை முதலில் நிசான் 2009 மாடல் 370இசட் வண்டியில் கொடுத்தபோது எல்லோரும் முகம் சுளித்தார்கள், இப்போது இல்லாத ஸ்போர்ட்ஸ் காரைத் தேட வேண்டியிருக்கிறது. நான் நார்மல் மோடிலேயே வைத்துக்கொள்கிறேன், அங்கே அது தலையிடாது. ஆனால் நார்மலில் ஆக்சிலரேட்டர் கொஞ்சம் சோம்பலாகிவிடுகிறது. கூர்மையான ஆக்சிலரேட்டர் வேண்டும், தானாகத் தட்டுவது வேண்டாம் என்பவர்களுக்கு ஜிடி4இல் தனியாக ஒரு பட்டனே வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டன் இங்கேயும் இருந்திருக்கலாம்.

இன்னொரு சின்னக் குறை, ஆர்பிஎம் இறங்கும் வேகம். இதிலுள்ளது இரட்டை நிறை ஃப்ளைவீல். அதிர்வை விழுங்குவதற்காக உள்ளே ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாகச் செய்தது. ஊருக்குள் ஓட்ட ரொம்ப நிம்மதி. பதிலுக்கு, ஆக்சிலரேட்டரை விட்டதும் முள் சட்டென்று விழாமல் ஒரு கணம் தயங்குகிறது. வேகமாக மேலே மாற்றும்போது இது தெரியாது. நிதானமாக ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது தெரியும், கைக்காக இன்ஜின் காத்திருக்காமல் இன்ஜினுக்காகக் கை காத்திருக்கும். 2023 இல் வந்த 911 எஸ்/டி வண்டியில் லேசான கிளட்சும் ஒற்றை நிறை ஃப்ளைவீலும் போட்டு, சுழலும் எடையில் 10.5 கிலோ குறைத்தார்கள். அதற்கு என்ன காரணம் என்று ஜிடிஎஸ் ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான புகாருக்கு வருகிறேன்.

இந்த வண்டியின் இரண்டாவது கியர் 130 கிமீ வரை போகும். மூன்றாவது 180ஐத் தொடும். ஒருமுறை படித்துவிட்டு, நீங்கள் ரசித்து ஓட்டும் சாலையை நினைத்துப் பாருங்கள். வளைந்து நெளிந்து போகிற எந்தச் சாலையிலும் ஓட்டுநரின் வேகம் பெரும்பாலும் 60க்கும் 90க்கும் நடுவில்தான் இருக்கும். 60 கிமீயில் இரண்டாவது கியரில் இன்ஜின் சுமார் 3,500இல் சுற்றும். இதன் முழு இழுவிசை, 420 நியூட்டன் மீட்டர், கிடைப்பது 5,000க்கும் 6,500க்கும் இடையில். இரண்டாவதிலேயே 5,000ஐத் தொட 84 கிமீ வேகம் வேண்டும். அதாவது, மலைச் சாலை முழுவதும் இரண்டாவதிலேயே கிடந்தாலும், இன்ஜின் தன் நல்ல பாதியை எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. மூன்றாவதுக்குப் போக ஒரு காரணமும் கிடைப்பதில்லை. போனால் 80இல் 3,400. இன்ஜின் இழுக்கும், இழுக்காமல் இல்லை, 4 லிட்டர் ஆயிற்றே. ஆனால் பாடாது.

விளைவு என்னவென்றால், உலகத்தின் மிகச் சிறந்த லீவர்களில் ஒன்று கைக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறது. நான் மேலே வர்ணித்த அந்த 2–3 மாற்றத்தை, 7,800 வரை இழுத்துச் செய்ய வேண்டுமென்றால் 130இல் செய்ய வேண்டும். சட்டத்துக்கு உட்பட்ட சாலையில் அது நெடுஞ்சாலை வேகம், பல இடங்களில் அதற்கும் மேல். முதல் கியரை உச்சம் வரை இழுத்து இரண்டுக்கு மாற்றுவது ஒன்றுதான் சாதாரண வாழ்க்கையில் கிடைக்கும் முழு ருசி. அதுவும் 75ஐத் தாண்டியபின்.

இதே இடத்தில் மாஸ்டா எம்எக்ஸ்-5ஐ வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இப்போதைய தலைமுறையின் 2 லிட்டர் வண்டி. 2018க்குப் பிறகு வந்தது 184 குதிரைத்திறன், 7,500 வரை ஏறும். அதன் இரண்டாவது கியர் 100 கிமீ பக்கத்திலேயே முடிந்துவிடும். ஆறாவது கியர் நேருக்கு நேர், ஒன்றுக்கு ஒன்று. மற்ற ஐந்தும் அதற்குக் கீழே நெருக்கமாக அடுக்கியவை. லீவர் கியர்பாக்ஸின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது, கேபிளே இல்லை. கேமனின் பாதிக் குதிரைகூட இல்லாத அந்த வண்டியில், அதே சாலையில், அதே வேகத்தில், இரண்டு–மூன்று–இரண்டு என்று கை ஓயாமல் வேலை செய்யும். இறங்கும்போது வேர்த்திருக்கும். ஹோண்டா எஸ்2000 இன்னொரு உதாரணம். 2 லிட்டர், முதலில் வந்த வண்டிகள் 9,000 வரை ஏறும், குட்டி மணிக்கட்டு அசைவில் கியர் விழும். இழுவிசை குறைவு என்பதாலேயே அதில் கியர் மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் வண்டி போகாது.

சக்தி கூடக் கூட மேனுவலுக்கு வேலை குறைகிறது. வேகமான ஸ்போர்ட்ஸ் கார்களில் மேனுவலைத் திரும்பக் கொண்டு வந்ததைக் கொண்டாடுகிறவர்கள் இதைக் கவனிப்பதாகவே தெரியவில்லை. 500 குதிரைத்திறன் வண்டியில் மூன்றாவது பெடல் இருப்பதால் மட்டும் ஓட்டும் சுகம் வந்துவிடாது. அந்தப் பெடலை நியாயமான வேகத்தில் அடிக்கடி மிதிக்க வைக்கிற ரேஷியோவும் வேண்டும். போர்ஷேக்குத் தெரியாததில்லை. நான் சொன்ன 911 எஸ்/டியில் ரேஷியோவைக் குறுக்கிப் போட்டார்கள். உச்ச வேகம் ஜிடி3 மேனுவலின் 320 இலிருந்து 300க்கு இறங்கியது. அந்த 20 கிமீ யாருக்குக் குறையாகப்படும்? கேமனிலும் அப்படி 293ஐ 270 ஆக்கியிருந்தால் நான் கைதட்டி வாங்கியிருப்பேன். ஃபைனல் டிரைவை (எல்லாக் கியருக்கும் பொதுவான கடைசிப் பல்சக்கர ஜோடியை) மாற்றிப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டியை இறக்கிப் பிரிக்கும் வேலை அது, வாரன்ட்டிக்கும் ஆகாது. எனக்குத் துணிச்சல் இல்லை.

தம்பி இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறான், அவனுக்கே தெரியாமல். அவனுடைய பிடிகேயில் ஏழு கியர் என்பதால் கீழ்க் கியர்கள் இன்னும் நெருக்கம். துடுப்பைத் தட்டினால் போதும் என்பதால் அவன் தேவை இருக்கிறதோ இல்லையோ தட்டிக்கொண்டே இருப்பான். இன்ஜின் மேல் பாதியிலேயே இருக்கும். அவன் வண்டிச் சத்தம் என் வண்டிச் சத்தத்தை விட நன்றாகக் கேட்கும் என்பதுதான் எனக்கு எரிச்சல். பின்னால் அவன் வரும்போது என் சன்னலை ஏற்றிக்கொள்வேன்.

ஆனாலும் அவன் வண்டியில் கொஞ்ச நேரம் போனதும் எனக்குக் கை அரிக்கிறது. பிடிகே எப்போதும் சரி. மாற்றம் கச்சிதம், ஆர்பிஎம் கச்சிதம், தப்பான கியர் கேட்டால் மறுத்துவிடும். நன்றாக மாற்றினேனா என்று கேட்க அங்கே ஒன்றுமில்லை. என் வண்டியில் ஒரு மணி நேரம் ஓட்டினால் அதில் ஒன்றோ இரண்டோ மாற்றம் அப்பழுக்கில்லாமல் விழும், மற்றதெல்லாம் சுமார். அந்த ஒன்றிரண்டுக்காகத்தான் மறுநாளும் சாவியை எடுக்கிறேன். ஹூண்டாய் ஐயோனிக் 5 என் என்ற மின்சார வண்டியில் கியரே இல்லாமல் கியர் மாறுவது போல உதறலும் சத்தமும் வைத்திருக்கிறார்கள், பேட்டரி வண்டிக்காரர்களுக்கே இந்த இடைவெளி உறுத்தியிருக்கிறது. அது நன்றாகத்தான் இருக்கிறது என்று கேள்வி. எனக்கு அது பிடிகேக்கு மாற்று, மேனுவலுக்கு இல்லை.

நெரிசலைப் பற்றிக் கேட்பீர்கள். நெரிசலில் மேனுவல் சுகம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். கிளட்ச் கனமில்லை, ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் கொஞ்ச நேரம் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், எல்லாம் சரி. அரை மணி நேரம் ஊர்ந்தால் இடது முழங்கால் கணக்குக் கேட்கும். நீளமான முதல் கியர் இங்கேயும் வில்லன், நடக்கிற வேகத்தில் முழுசாக கிளட்சை விட முடியாமல் பாதி மிதித்தே ஓட்ட வேண்டியிருக்கும். தினமும் அப்படித்தான் போகிறீர்கள் என்றால் தம்பி கட்சியில் சேர்ந்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது இன்ஜின் ஒரு பக்கத்து மூன்று சிலிண்டரை அணைத்து வைக்கும். அது நடப்பதே தெரியாது.

மற்ற மேனுவல்களோடு ஒப்பிட்டால்? ஹோண்டா சிவிக் டைப் ஆர் லீவர் அசைவில் இதற்குச் சமம், சில நாள் இதை விட மேல் என்றுகூடத் தோன்றும்; அதுவும் கேபிள்தான். பிஎம்டபிள்யூ எம்2 மேனுவல் வேகம், பலம் எல்லாம் சரி, லீவர் மட்டும் நீண்ட வீச்சு, கொஞ்சம் ரப்பர். டொயோட்டா சுப்ரா 2022 இல் மேனுவல் கொண்டு வந்தது நல்ல காரியம். பெட்டியும் நல்லது, அந்த இன்ஜின் ஆட்டோமேட்டிக்குக்குப் பிறந்தது. ஃபெராரியின் பழைய திறந்த இரும்புக் கேட் (லீவர் நகரும் பள்ளங்கள் வெட்டிய தகடு) பற்றிக் கேட்காதீர்கள், பார்க்க அழகு, ஆறியிருக்கும்போது இரண்டாவது போடுவது தவம்.

ஆக, கை அசைவுக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் பத்துக்கு ஒன்பதரை. பெடல் அமைப்புக்கு ஒன்பது. ரேஷியோவுக்கு ஐந்து, அதுவும் இன்ஜினுக்காகக் கருணை மார்க். மொத்தமாகப் பார்த்தால் வாங்கலாம் என்றே சொல்வேன், ஆனால் வாங்குவதற்கு முன் நீங்கள் வழக்கமாக ஓட்டும் சாலையிலேயே ஓட்டிப் பாருங்கள். விற்பனையாளர் காட்டும் நேரான சாலையில் லீவரின் அழகு தெரியும், ரேஷியோவின் நீளம் தெரியாது.

பெட்ரோல் 718 வண்டிகளின் உற்பத்தி 2025 இல் முடிந்துவிட்டது. இனி பழைய வண்டிதான் வாங்க முடியும் என்பதால் கடைசியாக ஒரு விஷயம். மேனுவலில் பிடிகேக்கு வராத ஓர் ஆபத்து உண்டு. மூன்றாவதில் 7,500இல் போய்க்கொண்டிருக்கும்போது நான்காவதுக்கு லீவரைக் கீழே இழுக்கிறீர்கள். கை பதற்றத்தில் இடப்பக்கம் சாய்ந்தால் லீவர் இரண்டாவதில் விழும். கிளட்சை விட்டதும் சக்கரங்கள் இன்ஜினை 10,000க்கு மேல் சுழற்றும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது; அது எரிபொருளைத்தான் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. வால்வும் பிஸ்டனும் சந்தித்தால் இன்ஜின் போச்சு. சந்திக்காமல் தப்பித்த இன்ஜினும் வெளியே பார்க்க நல்ல வண்டியாகவே நிற்கும்.

இந்த வண்டியின் கம்ப்யூட்டர் அதையெல்லாம் குறித்து வைத்திருக்கும். அளவு மீறிய சுற்றுகளை ஆறு ரேஞ்சாகப் பிரித்து வைக்கும்; எண் ஏற ஏற ஆர்பிஎம் அதிகம், கடைசியாக எத்தனையாவது இன்ஜின் மணி நேரத்தில் நடந்தது என்பதும் பதிவாகியிருக்கும். முதல் ரேஞ்சில் எண்கள் இருந்தால் பயப்பட வேண்டாம், லிமிட்டரைத் தொட்டு ஓட்டியிருக்கிறார்கள், அதற்குத்தானே ஸ்போர்ட்ஸ் கார். நான்கு, ஐந்து, ஆறில் ஏதாவது இருந்தால் எந்த மணி நேரத்தில் என்று பாருங்கள். நேற்று நடந்ததாக இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். இந்த அறிக்கையை எடுத்துத் தர விற்பவர் தயங்கினாலும் அதையேதான் சொல்வேன். அறிக்கை சுத்தமாக இருந்தால், வண்டி ஆறியிருக்கும்போது போய் நீங்களே கிளப்பி, ஒன்றிலிருந்து இரண்டுக்கு நிதானமாக மாற்றிப் பாருங்கள். முரண்டு பிடிப்பது சகஜம், கரகரவென்று பல் உரசினால் சின்க்ரோ தேய்ந்திருக்கிறது. அப்புறம் நான்காவதில் 50 கிமீயில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் முடிந்தது. கிளட்ச் மாற்ற அந்தப் பெட்டியை முழுதாக இறக்க வேண்டும் என்பதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.